பொம்பளைப் பக்கத்து வாசல்

உள்ள வாங்க தம்பி. வாசல்ல நின்னு பேசவேண்டாம், எதுத்த வீட்டுக்காரிக்கு நம்ம வீட்டுப் பேச்சைக் கேக்காட்டிச் சோறு எறங்காது. அந்த நாற்காலியில உக்காருங்க. கொஞ்சம் ஆடும், சாயாம உக்காந்தா ஒண்ணும் பண்ணாது.

மங்கள விலாஸைப் பத்தி எழுதப்போறீகளாக்கும். எழுதுங்க, எழுதுங்க. இடிக்கப்போறாகன்னு தெரிஞ்ச பெறகுதான் எல்லாருக்கும் அது மேல பாசம் பொத்துக்கிட்டு வருது. படம் ஓடுனவரைக்கும் மூட்டைப்பூச்சிக் கொட்டகைன்னுதான் சொன்னாக. இப்ப அந்த இடத்துல ஜவுளிக்கடை கட்டப்போறாகளாம்ல?

எழுதுறதுக்கு எவ்வளவோ கெடக்கு தம்பி. வயிரவன் செட்டியார் அதை மொதல்ல நாடகக் கொட்டகையாத்தான் கட்டுனாரு. மேடைக்கு தேக்குப் பலகை. அரண்மனை, காடு, கடைத்தெருன்னு படுதாவுல எழுதித் தொங்கவிட்டிருப்பாக. பெறகு டாக்கி வந்துச்சு, பேசும் படம். வெள்ளைக்காரன் போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடின்னு நெனைக்கிறேன். மிஷினை மெட்ராஸ்லேருந்து ரயில்ல கொண்டாந்து, மாட்டு வண்டியில ஏத்தி, மேளம் வச்சு நாலு மாசி வீதியும் சுத்தினாக. மிஷினுக்கு மாலை போட்டு, பொட்டு வச்சு, ஆரத்தி எடுத்தாக. மேடைக்கு முன்னாடி வெள்ளைத் திரையைக் கட்டிட்டு, மேடையை அப்படியே இருட்டுல விட்டுட்டாக. இதையெல்லாம் எழுதுங்க. நல்ல விஷயம். எங்க வீட்டுக்காரரைப் பத்தி மட்டும் எழுதாதீக. டிக்கெட் கிழிச்சவருன்னு ஒரு வரி போட்டாப் போதும். அதுவும் போடாட்டிப் பரவால்ல.

ஏன்னா கேக்குறீக? வெக்கக்கேடு தம்பி. மூணு வருஷமாச்சு அவுக போயி. இன்னும் யாராச்சும் மங்கள விலாஸ்னு சொன்னா எனக்கு முகத்தை எங்க கொண்டுபோயி வச்சுக்கிறதுன்னு தெரியலை.

காப்பி குடிப்பீகள்ல? செத்த இருங்க.

சீனி பத்தலைன்னாச் சொல்லுங்க. எங்கம்மா சின்ன வயசுலயே போயிட்டா. அண்ணன் மில்லு வேலைக்குப் போயி என்னையும் என் தங்கச்சி செண்பகத்தையும் காப்பாத்துச்சு. மாப்பிள்ளை கொட்டகையில வேலை பாக்குறாரு, குடி கெடையாது, பீடி கெடையாதுன்னு சொல்லித்தான் எனக்குப் பேசி முடிச்சாக. கொட்டகையில என்ன வேலைன்னு எங்கண்ணனும் கேக்கலை, அவுக பக்கத்துலயும் வாயைத் தொறக்கலை. தாலி கட்டுறப்ப பெருசாத் தலைப்பாகை கட்டியிருந்தாக. மாப்பிள்ளைக்கு அழகுதானேன்னு நெனைச்சேன். மறுநா காலையில கெணத்தடியில தலைப்பாகையை அவுத்தாக பாருங்க, முடி இடுப்பு வரைக்கும் விழுகுது. எனக்குத் தோள்பட்டையக்கூடத் தாண்டாது. "சீயக்கா இருக்கா பூரணம்?"னு கேட்டாக. நான் வாளியைப் போட்டுட்டு உள்ள ஓடிட்டேன்.

ஸ்திரீபார்ட் தம்பி. பொம்பளை வேஷம். அப்பல்லாம் மத்த கம்பெனியில பொம்பளைகளே மேடையேற வந்தாச்சு. எங்க செட்டியாரு கம்பெனியில மட்டும் ராணின்னா அவுகதான். அவுக மட்டும்தான். கடைத்தெருவுல ஜவுளிக்கடைக்காரக புதுச் சேலை வந்தா மொதல்ல எங்க வீட்டுக்குக் கொடுத்துவிடுவாக. அவுக அதை மேடையில கட்டிட்டு வந்தா, மறுநா கடையில அதே சேலைக்குக் கூட்டம் அடிச்சுக்கும். ராணி கட்டுன சேலை வேணும்பாகளாம். கட்டி முடிச்ச சேலையை அவுக எங்கிட்ட கொண்டாந்து கொடுப்பாக, ஆசையாத்தான் கொடுப்பாக, நான் பொய் சொல்லமாட்டேன். நான் ஒண்ணைக்கூட உடம்புல போட்டதில்லை. புருஷன் கட்டிக் கழிச்ச சேலையை எந்தப் பொண்டாட்டி கட்டுவா? எங்கயாச்சும் கேட்டிருக்கீகளா?

குழாயடிக்குப் போனா, "ராணி பொண்டாட்டி வர்றா, வழி விடுங்கடி"ம்பாளுக. வழியும் விடுவாளுக. நான் கொடத்தை நெறப்பாமயே திரும்பி வந்த நாளும் உண்டு.

அதனால, நாடகத்தை நிப்பாட்டி டாக்கி போடப்போறாகன்னதும் கம்பெனிக்காரக எல்லாம் மேடைப் பலகையில விழுந்து அழுதாகளாம். நான் வீட்டுல பாயசம் வச்சேன். அவுக வந்து உக்காந்து, பாயசத்தைப் பார்த்தாக, குடிச்சாக. ரெண்டாந்தரம் ஊத்துனேன், அதையும் குடிச்சாக.

அடுத்த வாரமே பழனிக்குக் கூட்டிட்டுப் போனேன். உங்களுக்கு மொட்டை போடுறதா நேந்துக்கிட்டேன்னு சொன்னேன். நேரவெல்லாம் இல்லை, சும்மா சொன்னேன். சாமிக்குத் தெரியாதா, புருஷன் மானத்துக்காகத்தான் சொல்றேன்னு? அவுக குனிஞ்சு உக்காந்தாக. முடி பூராவும் மடியில விழுந்துச்சு. எந்திரிச்சுத் தலையைத் தடவிப் பார்த்துட்டு, "லேசா இருக்கு பூரணம்"னாக. அவ்வளவுதான் சொன்னாக. அப்பாடா, தொலைஞ்சுதுன்னு நான் நெனைச்சேன்.

எங்க தொலைஞ்சுது?

மங்கள விலாஸ்ல ஆம்பளைப் பக்கம், பொம்பளைப் பக்கம்னு நடுவுல சொவரு இருக்கும், பார்த்திருக்கீகளா? பார்த்திருக்கமாட்டீக, பின்னாடி அதை இடிச்சிட்டாக. இடுப்பளவு சொவரு. பொம்பளைகளுக்கு வாசலும் தனி, பக்கத்துச் சந்துக்குள்ள. அந்த வாசல்ல யாரை நிறுத்துறதுங்குறதுதான் செட்டியாருக்குப் பெரிய தலைவலி. வயசான ஆளு ஒருத்தரைப் போட்டாரு, ஆம்பளை நின்னா நாங்க வரமாட்டோம்னு பொம்பளைக திரும்பிப் போயிட்டாக. பொம்பளை ஒருத்தியைப் போட்டாரு, வெளியில நிக்கிற பயலுக பேசுன பேச்சுல அவ அழுதுக்கிட்டு ஓடிட்டா. அப்புறம் செட்டியாருக்கு யோசனை வந்திருச்சு. ஒரு நா எங்க வாசல்ல வந்து நின்னு சொல்றாரு, "தங்கச்சி, உன் வீட்டுக்காரனை நான் கைவிடமாட்டேன். கனகசபைக்கு ஏத்த வேலை ஒண்ணு வச்சிருக்கேன். அவன் நின்னா பொம்பளைக கூச்சப்படாம வருவாக."

எப்படி இருக்கும் எனக்கு, சொல்லுங்க. முதலாளி வாசல் தேடி வந்து வேலை கொடுக்குறாரு, வேண்டாம்னு சொல்ல முடியுமா? ஆனா அவரு சொன்னதுக்கு அர்த்தம் என்ன? உன் புருஷன் ஆம்பளைக் கணக்குல இல்லைன்னு அர்த்தம். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "சரிங்க மொதலாளி"ன்னேன்.

கூட்டமும் வந்துச்சு. நல்லாவே வந்துச்சு. ஒரு நா சோறு கொண்டுபோறேன், சந்துக்குள்ள ஒரே பொம்பளைக் கூட்டம். ஒருத்தி கைப்பிள்ளையைத் தூக்கி அவுக கையில கொடுத்துட்டு, "அக்கா, இவனைச் செத்த பிடி, நான் எடம் பிடிச்சிட்டு வர்றேன்"ங்குறா. அக்கா! இன்னொருத்திக்கு அவுக சொல்றாக, "இன்னைக்குப் படத்துல அழுகுற கட்டம் நடுவுல வருது, பிள்ளைக்கு இப்பவே பாலைக் கொடுத்திரு, அப்புறம் எந்திரிக்க மனசு வராது"ன்னு. மாமியாளுக்குத் தெரியாம வந்தவ, புருஷனுக்குத் தெரியாம வந்தவ, எல்லாருக்கும் அவுகதான் காவல். தேடிக்கிட்டு எவனாச்சும் வந்தா, உள்ள அப்படி யாரும் வரலையேம்பாக. ஆட்டம் விட்டதும் தனியா வந்தவளைச் சந்து முனை வரைக்கும் கொண்டுபோயி விடுவாக.

நான் தூக்குச்சட்டியை அங்கனயே வச்சிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "அக்காங்குறாளுக, கேட்டுக்கிட்டு நிக்கிறீகளே, உங்களுக்கு ரோஷமே கெடையாதா?"

"பிரியமாத்தானே கூப்பிடுறாக, பூரணம்."

"நாளைக்கு நம்ம பிள்ளையைப் பார்த்து உங்கம்மா எங்கடான்னு கேப்பாளுக, அப்பவும் பிரியமாத்தான் கேப்பாளுக."

அதுக்கு அவுக சிரிச்சாக தம்பி. எனக்கு அழுகை வருது, அவுக சிரிக்கிறாக.

சரி, அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன். உங்ககிட்ட நான் சொல்ல வந்தது அந்தச் சித்திரைத் திருவிழாவைத்தான். எழுதாதீக. சும்மா கேட்டுக்கோங்க.

அந்த வருஷம் செண்பகத்துக்கு திருமங்கலத்துலேருந்து சம்பந்தம் வந்துச்சு. இரும்புக்கடை வச்சிருக்கிறவுக, நல்ல குடும்பம். மாப்பிள்ளையோட அம்மா பொன்னுத்தாயி, நல்ல தாட்டியான பொம்பளை. அழகர் ஆத்துல எறங்குறதைப் பார்க்க வந்தவ, எங்க வீட்டுலதான் தங்குனா. செண்பகத்தைப் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டுப் போலாம்னு வந்திருக்கா, எனக்குப் புரியாதா? "உன் வீட்டுக்காரருக்கு என்ன வேலை?"னு கேட்டா. மேனேஜருன்னுட்டேன். வாயில வந்திருச்சு. மறுநா சொல்றா, "அப்ப என்னையும் டாக்கிக்குக் கூட்டிட்டுப் போ ஆத்தா. மேனேஜர் வீட்டு விருந்தாளி நான்."

எங்க வீட்டுக்காரருகிட்ட ஓடுனேன். அவுக காலைப் பிடிக்காத கொறைதான். "இன்னைக்கு ஒரு நா அந்த வாசல்ல நிக்காதீக. யாரையாச்சும் நிறுத்திட்டு எங்கயாச்சும் கண்ணுல படாமப் போயி இருங்க. இந்தச் சம்பந்தம் முடியட்டும்"னேன். "நான் மேடையில போயி இருந்துக்கிறேன். அங்க யாரும் பார்க்கமாட்டாக"ன்னாக. திரைக்குப் பின்னாடி அந்தப் பழைய மேடை இருட்டாத்தானே கெடக்கு. அதுவும் நல்ல யோசனைதான்னு பட்டுச்சு எனக்கு.

திருவிழாக் கூட்டம் தம்பி, சொல்லிமாளாது. கிராமத்து ஜனம் பூராவும் வண்டி கட்டி வந்திருக்கு. அழகரைப் பார்த்த கையோட டாக்கியையும் பார்த்துட்டுப் போகணும்னு நிக்கிது. பகல் ஆட்டம். பொம்பளைப் பக்கத்துல பிள்ளையும் குட்டியுமா ஒரு முழம் எடமில்லை. நான் மடியில மூத்தவனை வச்சுக்கிட்டு நடுவுல, ஒரு பக்கம் செண்பகம், ஒரு பக்கம் பொன்னுத்தாயி. படத்துல ஒரு ராணி, காட்டுல பிள்ளையைத் தொலைச்சிட்டுத் தேடுறா. அவ அழப்போறா, வாயைத் தொறந்துட்டா, டப்புன்னு சத்தம் நின்னுபோச்சு. படம் ஓடுது. சத்தம் இல்லை.

மொதல்ல சிரிச்சாக. பெறகு விசில். பெறகு ஆம்பளைப் பக்கத்துலேருந்து சோடா பாட்டில் பறந்து திரைக்குக் கீழ விழுந்து ஒடைஞ்சுது. மிஷின் ரூமைக் கொளுத்துங்கடாங்குறான் ஒருத்தன். பெஞ்சை ஒடைக்கிற சத்தம் கேக்குது. பொம்பளைக பயந்துபோயி எந்திரிச்சு வாசலுக்கு ஓடுறாளுக. அந்தக் கதவு உள்பக்கமாத் தொறக்குற கதவு தம்பி. முன்னாடி நிக்கிறவளைப் பின்னாடி நிக்கிறவ நெருக்குறா, கதவை இழுக்க முடியலை. பிள்ளைக கீழ விழுந்து கத்துதுக. யாரையோ நிறுத்தி வச்சிருந்தாகள்ல வாசலுக்கு, அவன் கதவை வெளியில சாத்திட்டு ஓடிட்டான். எனக்கு மூத்தவனை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மூச்சு முட்டுது.

அப்பதான் குரல் வந்துச்சு. "மகனே"ன்னு.

மிஷின் சரியாயிருச்சுன்னுதான் நானும் நெனைச்சேன். எல்லாரும் அப்படித்தான் நெனைச்சாக. பொம்பளைக் குரல். படத்துல ராணி வாய் அசையுது, அதுக்குச் சரியா குரல் வருது. திரைக்குப் பின்னாடியிருந்து பார்த்தாலும் படம் தெரியும்ல, எடது வலது மாறித் தெரியும், அவ்வளவுதான். வாசல்ல நின்னு நின்னு அந்தப் படம் பூராவும் அவுகளுக்கு மனப்பாடம்.

கதவுகிட்ட முட்டிக்கிட்டு நின்னவ ஒருத்தி திரும்பிப் பார்த்தா. "அடியே, நம்ம அக்காடி!"ன்னு கத்துனா. அவ்வளவுதான் தம்பி. நெருக்குனது நின்னுபோச்சு. நின்ன எடத்துலயே ஒவ்வொருத்தியா உக்காந்தாளுக. ஆம்பளைப் பக்கம் அடங்கிருச்சு. கல்லைத் தூக்குனவன் கையில கல்லோட நின்னானாம், பின்னாடி சொன்னாக.

பொன்னுத்தாயி எங்கிட்ட குனிஞ்சு, "யாரு ஆத்தா இது? யாரு பேசுறது?"ன்னா. பின்னாடி இருந்தவ எட்டிச் சொல்றா, பெருமையாச் சொல்றா, "இந்தா இருக்காளே, இவ புருஷன்தான். ராணி. எங்க வாசல்ல நிக்குமே, அதுதான்."

மேனேஜர் பொண்டாட்டி நான்! பூமி பொளந்து என்னைய முழுங்கியிருக்கக் கூடாதா? பொன்னுத்தாயி திரும்பி என் முகத்தைப் பார்க்குறா. செண்பகம் என்னையப் பார்க்குறா. நான் சேலைத் தலைப்பை ரெண்டு காதுலயும் திணிச்சுக்கிட்டேன். பிள்ளையைச் செண்பகம் மடியில போட்டுட்டு எந்திரிச்சேன். கதவுகிட்ட இப்பக் கூட்டம் இல்லை. நான் ஒருத்தி மட்டும்தான் வெளியில வந்தேன்.

சந்துல வண்டி மாடுகளுக்கு நடுவுல குத்துக்கால் வச்சு உக்காந்து, காதைப் பொத்திக்கிட்டே இருந்தேன். கையை எடுக்கவே இல்லை. செண்பகம் வந்து தோளைத் தொட்டப்பதான் எடுத்தேன். பொன்னுத்தாயி மூக்கைச் சிந்திக்கிட்டு நிக்கிறா. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. அவமானத்துல அழுதிருக்கான்னு எனக்கு விளங்கிருச்சு. சாயங்காலமே ஊருக்குப் போயிட்டா. போச்சு, செண்பகம் வாழ்க்கை போச்சுன்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

அவுக வீட்டுக்கு வந்தாக. செட்டியாரு மாலை போட்டு அனுப்பியிருக்காரு. மாலையைக் கழட்டாம அப்படியே வந்து நின்னாக. முகமெல்லாம் வேர்வை. அப்படி ஒரு முகத்தை நான் அதுக்கு முன்னாடியும் பார்த்ததில்லை, பின்னாடியும் பார்த்ததில்லை.

"கேட்டியா பூரணம்?"ன்னாக.

"காதைப் பொத்திக்கிட்டு வெளியில ஓடிட்டேன்"னேன்.

அவுக மாலையைக் கழட்டுனாக. நான் மூத்தவனைத் தூக்கி அவுக முன்னாடி உக்கார வச்சேன். "இவன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க. இனிமே இந்தக் குரல் உங்க வாயிலேருந்து வரக்கூடாது. மேடையில மட்டுமில்லை, வீட்டுலயும் வரக்கூடாது, விளையாட்டுக்கும் வரக்கூடாது." நான் சண்டைக்குத் தயாரா நின்னேன். நாலு பேரைக் காப்பாத்தினேனேன்னு சொல்வாகன்னு நெனைச்சேன். அவுக சண்டை போடலை. பிள்ளை தலையில கையை வச்சு, "சரி பூரணம்"னாக.

சத்தியத்தைக் காப்பாத்துனாக, அதைச் சொல்லணும். ஆம்பளைன்னா ஆம்பளை. அடுத்த மாசமே இன்னொரு தரம் சத்தப்பெட்டி போயிருச்சு. செட்டியாரு ஓடிவந்து கையைப் பிடிச்சு இழுக்குறாராம், கனகசபை, கனகசபைன்னு. அவுக வாயைக் கையால மூடிக்கிட்டு நின்னாகளாம். செட்டியாருக்குக் கோவம். ஆனா வேலையை விட்டு எடுக்கலை. எடுத்தாப் பொம்பளைப் பக்கம் காலியாயிரும்ல.

செண்பகம் கல்யாணமா? நடந்துச்சு. அதே எடத்துலதான். பொன்னுத்தாயி ஒரு வார்த்தை மாத்திச் சொல்லலை. நலங்கு வைக்கிறப்ப எல்லாருக்கும் முன்னாடி கேட்டா பாருங்க, "கனகசபை மாப்பிள்ளையை ஒரு பாட்டுப் பாடச் சொல்லு ஆத்தா, அந்தக் குரல்ல"ன்னு. நான் பட்டுன்னு, "தொண்டை கட்டியிருக்கு"ன்னேன். "சரியாகட்டும், அடுத்த தரம் கேட்டுக்கிறேன்"னா. விடலை தம்பி. வர்றப்பெல்லாம் கேட்டா. சாகுறவரைக்கும் கேட்டா. கடைசியில படுக்கையில கெடந்தப்பகூட, "மாப்பிள்ளை தொண்டை சரியாயிருச்சா?"ன்னா. எப்படிக் குத்திக்காட்டுறா பாருங்க. வேற எதுக்குக் கேக்கணும்?

பெறகு அவுக பேச்சே கொறைஞ்சுபோச்சு. மொதல்ல நான் கவனிக்கலை. வேலைக்குப் போவாக, வருவாக, சாப்பிடுவாக. பொம்பளைப் பக்கச் சொவரை இடிச்சதும் வேலையும் முடிஞ்சுபோச்சு. வீட்டோட இருந்தாக. பேத்திக்கு ஒரு தரம் விஷக்காய்ச்சல், தூங்க மாட்டேங்குது. அவுக மடியில கெடந்துக்கிட்டு, "தாத்தா பாடு, தாத்தா பாடு"ன்னு அனத்துது. அவுக வாயைத் தொறந்தாக. தொறந்துட்டு, நிமிந்து என்னையப் பார்த்தாக. நான் அடுப்படிக்குள்ள போயிட்டேன். கஞ்சி வைக்கணும்ல? கஞ்சியோட வந்து பார்த்தா, பிள்ளை தலையைத் தடவிக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்காக.

காப்பி ஆறிப்போச்சு பாருங்க. வேற போடவா? வேண்டாமா?

அவுக போன அன்னைக்குத்தான் பெரிய வெக்கக்கேடு. என் மகன் பேங்குல இருக்கான், அவன் ஆபீசரெல்லாம் வந்து நிக்கிறாக. மருமகன் வீட்டு ஆளுக வந்திருக்காக. திடீர்னு சந்துக்குள்ள ஒரு கூட்டம் வருது. எல்லாம் கெழவிக தம்பி. கம்பு ஊண்டிக்கிட்டு வர்றா ஒருத்தி. பேரன் தோளைப் பிடிச்சுக்கிட்டு வர்றா ஒருத்தி. கண்ணே தெரியாதவ ஒருத்தி, மத்தவ கையைப் பிடிச்சுக்கிட்டு வர்றா. எனக்கு யாரையும் அடையாளம் தெரியலை. நேரா வந்து அவுக தலைமாட்டுல உக்காந்து, மாரடிச்சு அழுகுறாளுக. எப்படின்னு? "அக்கா போயிட்டியே"ன்னு! "எங்க அக்கா, எங்களை விட்டுட்டுப் போயிட்டியே"ன்னு! என் மகன் என்னையப் பார்க்குறான். ஆபீசரு என் மகனைப் பார்க்குறாரு. நான் தூணோட தூணா ஒட்டிக்கிட்டு நின்னேன்.

அழுது முடிச்சு எந்திரிச்சு, ஒருத்தி எங்கிட்ட வந்தா. மார்க்கெட்டுல பூ விக்கிறவளாம். என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டுச் சொல்றா, "நாங்க ஒரே ஒரு நா கேட்டோம் ஆத்தா, இன்னும் காதுல இருக்கு. நீ கொடுத்துவச்சவ. வீட்டுக்குள்ளயே வச்சிருந்து தெனமும் கேட்டிருப்பே."

"ஆமா, தெனமும்தான்"னேன்.

தலையை ஆட்டிக்கிட்டுப் போயிட்டா. பெறகு ஒரு நா மார்க்கெட்டுல அவளைத் தேடிப் போனேன். சும்மாதான் போனேன், பூ வாங்கத்தான். அவளும் போயிட்டாளாம்.

இந்தக் கதையெல்லாம் எழுதிக்கிட்டு இருக்காதீக தம்பி. பேங்குல வேலை பாக்குறவனுக்கு அசிங்கம். நீங்க படிச்ச பிள்ளை, சொன்னாப் புரிஞ்சுக்குவீக.

எந்திரிச்சிட்டீகளா? செத்த உக்காருங்க. ஒண்ணு கேக்கணும். எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி வேற யாரையும் பார்த்தீகளா? வயசானவுக யாரையாச்சும்? அந்தப் பகல் ஆட்டத்துல இருந்தவுக யாராச்சும்? ஓ, பார்த்தீகளாக்கும். எத்தனை பேரு? பொம்பளைகளா?

இல்லை, கேக்குறதுக்கே எனக்கு வெக்கமாத்தான் இருக்கு. நாப்பது வருஷத்துக்கு மேல கூட இருந்தவ நான், ஊரு ஆளுகிட்ட கேக்குறேன். அந்த 'மகனே'க்கு அப்புறம் அவுக என்ன சொன்னாகளாம்? பாட்டும் பாடுனாகளாமே, எப்படிப் பாடுனாகளாம்? அந்தப் பொம்பளைக சொன்னதை நீங்க எழுதி வச்சிருப்பீகள்ல. கொஞ்சம் படிங்க தம்பி. மெதுவாப் படிங்க. மகன் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. கதவைச் சாத்திட்டு வந்துர்றேன்.